மகனுக்குக் கறி மசாலா கொடுத்துவிடலாமா?

கேள்வி: என் மகன் ஏசி மெக்கானிக். அடுத்த மாதம் திருவனந்தபுரத்திலிருந்து துபாய் போகிறான். மீன்கறி இல்லாமல் அவனுக்குச் சோறு இறங்காது. வீட்டில் பொடித்த கறி மசாலா, மீன் ஊறுகாய், நெத்திலிக் கருவாடு, கொப்பரை எல்லாம் கொடுத்துவிடலாமா? "கம்பெனி சாப்பாடு ஃப்ரீ" என்கிறார் ஏஜென்ட். அங்கத்தச் சாப்பாட்டுக்கு அவன் எப்படிப் பழகுவான்?
– ஒரு தாயார், மார்த்தாண்டம் அருகே

பதில்: அம்மா, முதலில் அந்த மசாலாவில் கசகசா சேர்த்திருக்கிறீர்களா என்று யோசித்துப் பாருங்கள். பட்டை, கிராம்பு, பெருஞ்சீரகத்தோடு ஒரு பிடி கசகசாவும் வறுத்து மில்லுக்குக் கொடுத்துவிடுவது நம்மூரில் பல வீட்டில் உண்டு. இங்கே பலசரக்குக் கடையில் பொட்டலம் கட்டித் தருகிற அதே கசகசா, ஐக்கிய அரபு அமீரகத்தில் தடைசெய்யப்பட்ட பொருள். அது அபினிச் செடியின் விதை. சவூதியிலும் கத்தாரிலும் இதே கதைதான். பொடித்துவிட்டால் தெரியாது என்று நினைக்காதீர்கள். சந்தேகம் வந்தால் பரிசோதனைக்கு அனுப்புவார்கள், முடிவு வரும்வரை பையன் உள்ளே இருப்பான். "எங்க அம்மா குழம்புக்குத் தந்தது" என்று அவன் அழுதால் அது சாட்சியமாகாது.

ஒன்றே ஒன்று செய்யலாம். கம்பெனி பாக்கெட்டில் சீல் வைத்து விற்கும் மசாலாவில் உள்ளே என்னென்ன இருக்கிறது என்று அச்சிட்டிருப்பார்கள். அதில் 'பாப்பி சீட்' என்ற சொல் இல்லாவிட்டால் பிரிக்காமல் கொடுத்துவிடலாம். பிரித்து, பாதியை டப்பாவில் கொட்டி, மீதியை ரப்பர் பேண்ட் போட்டு வைத்தால் அந்த அச்சுக்கு மரியாதை இல்லை. மீன் மசாலா பாக்கெட்டில் பெரும்பாலும் இருக்காது, கறி மசாலாவிலும் குருமா மசாலாவிலும் இருக்கலாம். ஒரே கம்பெனி, ஒரே நிறப் பாக்கெட் என்றாலும் தனித்தனியாகப் படியுங்கள். கண்ணாடி போட்டுக்கொண்டு படியுங்கள். எழுத்து அவ்வளவு சிறிசு.

இதை விமான நிலையத்தில் பெட்டிக்கு எடை போடுகிற இடத்தில் தமிழிலும் மலையாளத்திலும் ஒரு பலகையில் கொட்டை எழுத்தில் எழுதி வைத்தால் என்ன குறைந்துவிடும்? வருஷா வருஷம் சொல்லிப் பார்த்தாயிற்று. அரை கிலோ எடை கூடினால் மட்டும் ஓடி வருவார்கள்.

கொப்பரை வேண்டாம். எண்ணெய்ச் சத்தால் தீப்பிடிக்கும் என்று 2022 முதல் செக்-இன் பெட்டியில் அதைத் தடுத்திருக்கிறார்கள். மீன் ஊறுகாயைக் கண்ணாடிக் குப்பியில் வைக்காமல் மூடி இறுகும் பிளாஸ்டிக் டப்பாவில் அடைத்து, இரண்டு உறை போட்டுப் பெரிய பெட்டியில் வையுங்கள். கருவாட்டால் போலீஸ் கேஸ் வராது, ஆனால் ஆறு பேர் படுக்கும் ஏசி ரூமில் அவன் பெயர் முதல் நாளே கெட்டுவிடும். நம்மூர் மட்டி வாழைப்பழத்துக்கு 2023-ல் புவிசார் குறியீடு கிடைத்தது உண்மை, பெட்டிக்குள் வைத்தால் அது கூழாவதும் உண்மை. அச்சுமுறுக்கும் முந்திரிக்கொத்தும் கொடுத்துவிடுங்கள்.

நீங்கள் கேட்காத ஒன்றைச் சொல்கிறேன். பயணத் தேதி தெரிந்ததுமே ஊரில் நாலு பேர் பார்சலோடு வருவார்கள். "என் மருமகனுக்குக் கொஞ்சம் பலகாரம், கூடவே நாலு மாத்திரை." வாங்கவே கூடாது. நான் 17 வருஷம் அங்கே தொழிலாளர் முகாமில் மெஸ் பார்த்தவன். நம் மாவட்டத்துப் பையன் ஒருவன், டேப் சுற்றிய இப்படியொரு பொட்டலத்தைத் தூக்கிவந்தான். பலகாரத்துக்கு அடியில் வலி மாத்திரை அட்டைகள். டிரமடால், கோடீன் கலந்த மருந்துகளுக்கு அங்கே முன் அனுமதி வேண்டும். கொடுத்துவிட்டவர் போனை எடுக்கவில்லை. பையன் வேலைக்குச் சேர ஒரு மாதம் தாமதமானது, அந்தச் சம்பளத்தை யாரும் தரவில்லை. பெற்ற அண்ணன் கொடுத்தாலும் பிரித்துப் பார்த்துத்தான் பெட்டியில் வைக்க வேண்டும். கோபித்துக்கொண்டால் கோபித்துக்கொள்ளட்டும்.

அடுத்து அந்த "சாப்பாடு ஃப்ரீ". எந்தத் தாளில் எழுதியிருக்கிறது? அமீரகத்தில் வேலை தருகிறவர் ஆஃபர் லெட்டர் தர வேண்டும். அரபு, ஆங்கிலத்தோடு தொழிலாளிக்குப் புரியும் மூன்றாவது மொழியிலும் அது கிடைக்கும், தமிழும் அதில் உண்டு. "தமிழ் காப்பி கிடையாது" என்று ஏஜென்ட் சொன்னால் காட்ட மனசில்லை என்று அர்த்தம். சாப்பாடா, சாப்பாட்டுக்குப் பணமா, இரண்டுமில்லையா என்று அதில் பாருங்கள். வாயால் சொன்ன சாப்பாடு வயிற்றுக்கு வராது. விசிட் விசாவில் போ, அங்கே போய் மாற்றிக்கொள்ளலாம் என்றால் அந்த ஆளை வாசலோடு அனுப்பிவிடுங்கள். விசிட் விசாவில் வேலை பார்ப்பது குற்றம். நாள் தாண்டித் தங்கினால் தினமும் 50 திர்ஹம் அபராதம்.

'டிராவல்ஸ்' என்று போர்டு வைத்தவரெல்லாம் வேலைக்கு ஆள் அனுப்ப முடியாது, அதற்கு வெளியுறவுத் துறையின் பதிவு எண் வேண்டும். அரசின் இ-மைக்ரேட் இணையதளத்தில் அந்த எண்ணைப் போட்டுப் பாருங்கள். பதிவு பெற்றவரும் சேவைக் கட்டணமாக 30,000 ரூபாயும் ஜிஎஸ்டியும்தான் அதிகபட்சம் வாங்கலாம். இங்கே லட்சக்கணக்கில் கைமாறுவது எல்லோருக்கும் தெரியும், கேட்கத்தான் ஆளில்லை. ரசீது கேளுங்கள். தர மறுத்தால் பணத்தை எண்ணாதீர்கள்.

சாப்பாட்டுக்குப் பழகுவது பெரிய விஷயமில்லை. நம் மாவட்டத்துக்காரன் பாதி மலையாளச் சாப்பாட்டில் வளர்ந்தவன், அங்கே மலையாளி மெஸ் இல்லாத இடம் குறைவு. மரச்சீனி, முருங்கைக்காய், சாளை மீன் எல்லாம் கடையில் கிடைக்கும். முதல் மாதம் குப்பூஸ் என்கிற அரபு ரொட்டியும் பருப்பும் சலிக்கும், பிறகு அதுவே மலிவு என்று புரியும். ரமலானில் பகலில் பொது இடத்தில் சாப்பிடாமல் இருப்பதுதான் மரியாதை. அந்த மாதம் வேலை நேரம் தினம் இரண்டு மணி குறையும், நோன்பு இல்லாதவருக்கும் அதே குறைப்புதான்.

ரூம் மெஸ்ஸில் ஆளுக்கு ஒருநாள் சமையல் முறை வரும். சோறு வடிக்கவும் மீன் வெட்டவும் தெரியாதவன் அன்றைக்குக் காசு கொடுத்து ஆள் பிடிக்க வேண்டும். அவன் புறப்பட இன்னும் நாலு ஞாயிற்றுக்கிழமை இருக்கும். சாளையை வாங்கி வந்து அவன் கையில் கத்தியைக் கொடுத்துவிட்டு நீங்கள் அடுக்களையை விட்டு வெளியே வந்துவிடுங்கள்.