மறைத்தாலும் போகாத இரண்டாவது வைஃபை

கேள்வி: எங்கள் வீட்டில் இருப்பது ஒரே ஒரு ரவுட்டர். ஆனால் போனில் இரண்டு வைஃபை பெயர்கள் வருகின்றன. இரண்டாவதை வீட்டில் யாரும் உருவாக்கவில்லை. போன் அவ்வப்போது தானாகவே அதற்குத் தாவிவிடுகிறது. அந்த நேரத்தில் இணையம் நன்றாகவே வருகிறது. பிரிண்டர் மட்டும் கண்ணில் படுவதில்லை. ரவுட்டர் செட்டிங்ஸில் அந்தப் பெயருக்கு ‘ஹைட்’ கொடுத்துப் பார்த்தேன். பட்டியலிலிருந்து பெயர் போய்விட்டது, ஆனால் போன் இன்னமும் சில சமயம் அதில்தான் போய் ஒட்டிக்கொள்கிறது. அடியோடு நிறுத்த என்ன வழி?

பதில்: போகிற போக்கில் நீங்கள் சொன்ன பிரிண்டர் விஷயம்தான் இதில் முக்கியமான துப்பு. அதிலிருந்தே ஆரம்பிக்கலாம்.

ஒரே ரவுட்டர் இரண்டு பெயர்களைக் காட்டினால், பெரும்பாலும் இரண்டில் ஒன்றுதான் காரணமாக இருக்கும். ஒன்று, 2.4 ஜிகாஹெர்ட்ஸ், 5 ஜிகாஹெர்ட்ஸ் என்ற இரண்டு அலைவரிசைகளுக்கும் தனித்தனிப் பெயர் வைத்திருப்பார்கள். இரண்டாவது பெயரின் வாலில் ‘5ஜி’ என்று ஒட்டியிருப்பதைப் பார்த்திருப்பீர்கள். (மொபைல் 5ஜிக்கும் இதற்கும் ஒரு சம்பந்தமும் இல்லை. இந்தப் பெயரை வைத்தவர்கள் எத்தனை பேரைக் குழப்பியிருக்கிறார்களோ!) மற்றொன்று கெஸ்ட் நெட்வொர்க், அதாவது வீட்டுக்கு வருகிறவர்களுக்கான தனி வைஃபை.

முதல் வகையில் பெயர்கள் இரண்டானாலும் உள்ளே நெட்வொர்க் ஒன்றுதான். பிரிண்டர் 2.4இலும் போன் 5இலும் இருந்தால்கூட ஒன்றையொன்று கண்டுகொள்ளும். கெஸ்ட் அப்படியில்லை. இணையத்தைக் கொடுத்துவிட்டு, வீட்டில் உள்ள மற்ற கருவிகளைக் கண்ணில் காட்டாமல் வைப்பதுதான் அதன் வேலையே. இணையம் வருகிறது, பிரிண்டர் இல்லை என்ற உங்கள் நிலைமை அதோடு அப்படியே பொருந்துகிறது. அதனால் உங்கள் வீட்டில் ஓடுவது கெஸ்ட் நெட்வொர்க்தான் என்பது என் ஊகம்.

ஊகத்தோடு நிற்க வேண்டாம், சோதித்தும் பார்க்கலாம். போனை முதல் பெயரில் இணைத்து, அந்த வைஃபையின் விவரப் பக்கத்தில் ஐபி முகவரியைப் பாருங்கள். பிறகு இரண்டாவது பெயரிலும் அதையே பாருங்கள். ஒன்றில் 192.168.1 என்றும் மற்றொன்றில் 192.168.2 என்றும் தொடங்கினால் அது தனி நெட்வொர்க்தான், சந்தேகமே வேண்டாம். இரண்டும் ஒரே மாதிரி தொடங்கினால் மட்டும் முடிவுக்கு வந்துவிடாதீர்கள். சில ரவுட்டர்கள் கெஸ்டுக்கும் அதே வரிசையில் எண் கொடுத்துவிட்டு, ஒரு கருவி மற்றொன்றைப் பார்க்க முடியாதபடி இடையில் தடுப்பு மட்டும் போட்டு வைக்கும்.

ரவுட்டரில் ஹைட் கொடுத்ததும் பெயர் மறைந்தது என்கிறீர்கள். ஆகவே அது உங்கள் ரவுட்டரிலிருந்து வருவதுதான் என்பதும் உறுதியாகிறது. இதே தொல்லை உள்ள மற்றவர்கள் அதை முதலில் உறுதி செய்துகொள்ள வேண்டும். ரவுட்டரின் மின் இணைப்பை எடுத்துவிட்டு ஓரிரு நிமிடம் பொறுத்துப் பாருங்கள். பெயர் அப்போதும் பட்டியலில் இருந்தால் அது வேறெங்கிருந்தோ வருகிறது. ‘டைரக்ட்’ என்று தொடங்கும் பெயர்கள் பெரும்பாலும் பிரிண்டரோ டிவியோ தானாகக் கிளப்புபவை. அவற்றை அந்தந்தக் கருவியின் மெனுவில்தான் நிறுத்த வேண்டும். சிக்னலை நீட்டிக்க வாங்கிய எக்ஸ்டெண்டர் ஏதாவது சுவரில் மாட்டியிருந்தால் அதையும் பாருங்கள். ரவுட்டரின் பெயரோடு ஒரு வாலைச் சேர்த்துத் தன் பெயராக ஒலிபரப்பும் பழக்கம் அதற்கு உண்டு.

இனி அந்த ஹைட் விஷயம். ஒவ்வொரு வைஃபை பெயருக்கும் ரவுட்டர் விநாடிக்குச் சுமார் 10 முறை ‘நான் இங்கே இருக்கிறேன்’ என்று ஒரு சிறு அறிவிப்பை அனுப்பிக்கொண்டே இருக்கும். அதற்குப் பீக்கன் என்று பெயர். ஹைட் கொடுத்தால் அந்த அறிவிப்பில் பெயர் இருக்கும் இடம் மட்டும் காலியாகும். அறிவிப்பு நிற்காது, நெட்வொர்க்கும் நிற்காது. வாசலில் பெயர்ப்பலகையைக் கழற்றினால் வீடு காலியாகிவிடுமா என்ன? பெயரும் பாஸ்வேர்டும் ஏற்கெனவே தெரிந்த கருவி பெயரைச் சொல்லிக் கேட்டால் ரவுட்டர் பதில் கொடுத்து உள்ளே சேர்த்துக்கொள்ளும். உங்கள் போன் செய்வது அதைத்தான். பாதுகாப்புக்காகவும் ஹைட்டை நம்ப வேண்டாம். மறைத்த பெயரைக் கண்டுபிடிக்க இலவச மென்பொருளே போதும்.

ஆகவே முதல் வேலை, அந்த ஹைட்டை எடுத்துவிடுவது. நிறுத்தப் போகிற ஒன்றை ஏன் திரும்பக் காட்ட வேண்டும் என்று தோன்றும். பெயர் மறைந்தே இருந்தால் அது நிஜமாகவே நின்றுவிட்டதா, வெறுமனே ஒளிந்திருக்கிறதா என்று உங்களுக்குத் தெரியப்போவதில்லை.

முடிந்தால் ஒரு மடிக்கணினியை லேன் கேபிளில் ரவுட்டரோடு இணைத்து இந்த வேலையைச் செய்யுங்கள். தவறான கட்டத்தில் டிக்கை எடுத்து வைஃபை முழுதும் போய்விட்டால்கூட, கேபிள் இருந்தால் உள்ளே போய்ச் சரிசெய்துவிடலாம். கேபிளுக்கு வழியில்லை, போன்தான் என்றால் அதை முதல் பெயரில் இணைத்துக்கொள்ளுங்கள். கெஸ்டில் இருந்துகொண்டு முயன்றால் பல ரவுட்டர்கள் செட்டிங்ஸ் பக்கத்தையே திறக்க விடாது.

அந்தப் பக்கத்தின் முகவரி பல வீடுகளில் 192.168.1.1 அல்லது 192.168.0.1 ஆக இருக்கும். சில ஃபைபர் பெட்டிகளில் 192.168.100.1. ஊகிக்கத் தேவையில்லை: போனின் வைஃபை விவரத்தில் ‘கேட்வே’ அல்லது ‘ரவுட்டர்’ என்று போட்டிருக்கும் எண்தான் அது. அதை பிரவுசரில் அடித்தால் ‘இந்தத் தளம் பாதுகாப்பானதல்ல’ என்று ஒரு எச்சரிக்கை வரலாம். எண்ணைச் சரியாக அடித்திருந்தால் தைரியமாக மேலே போங்கள், உங்கள் வீட்டுப் பெட்டியோடுதான் பேசுகிறீர்கள். உள்ளே நுழையக் கேட்கும் பாஸ்வேர்டு வைஃபை பாஸ்வேர்டு அல்ல, அட்மின் பாஸ்வேர்டு. பெட்டியின் அடியில் உள்ள ஸ்டிக்கரில் பெரும்பாலும் இரண்டும் தனித்தனியாக அச்சிட்டிருக்கும்.

உள்ளே போனதும் வயர்லெஸ் பகுதியில் ‘கெஸ்ட் நெட்வொர்க்’ என்று தேடுங்கள். பெரும்பாலான ரவுட்டர்களில் அங்கே 2.4க்கு ஒன்று, 5க்கு ஒன்று என இரண்டு ‘எனேபிள்’ கட்டங்கள் இருக்கும். ஒன்றை மட்டும் எடுத்துவிட்டு, பெயர் இன்னும் தெரிகிறதே என்று குழம்புகிறவர்கள் நிறைய. இரண்டையும் எடுத்துவிட்டுச் ‘சேவ்’ கொடுங்கள். சேவ் கொடுத்தபின் தனியாக ‘அப்ளை’ கேட்கும் ரவுட்டர்களும் உண்டு, அதையும் அழுத்திவிட வேண்டும்.

இணைய நிறுவனமே கொடுத்த பெட்டியாக இருந்தால் கெஸ்ட் என்ற சொல்லே எங்கும் இல்லாமல் போகலாம். அப்போது எஸ்எஸ்ஐடி என்ற தலைப்பைத் தேடுங்கள். வைஃபை பெயருக்கான தொழில்நுட்பச் சொல்தான் அது. ஒரே பெட்டி பல பெயர்களை வைத்துக்கொள்ள முடியும் என்பதால் எஸ்எஸ்ஐடி1, எஸ்எஸ்ஐடி2 என்று வரிசையாகக் கொடுத்திருப்பார்கள். சில பெட்டிகளில் 1 முதல் 4 வரை 2.4 ஜிகாஹெர்ட்ஸுக்கும், 5 முதல் 8 வரை 5 ஜிகாஹெர்ட்ஸுக்கும் இருக்கும். வேண்டாத பெயர் எந்த எண்ணில் உட்கார்ந்திருக்கிறதோ அதற்கு மட்டும் எனேபிளை எடுத்துவிடுங்கள், மற்ற எதிலும் கை வைக்க வேண்டாம். பழைய வகைப் பக்கமே இல்லாமல் போன் ஆப் மூலம் மட்டும் இயங்கும் மெஷ் ரவுட்டர் (பல பெட்டிகள் சேர்ந்து வீடு முழுக்க ஒரே வைஃபை தரும் வகை) என்றால், ஆப்பில் கெஸ்ட் என்ற இடத்தில் ஒரு சுவிட்ச் இருக்கும். அதோடு முடிந்தது.

ஒரு எச்சரிக்கை. இதே பக்கங்களில் ‘எனேபிள் ரேடியோ’ அல்லது அதை ஒத்த பெயரில் வேறொரு கட்டமும் கண்ணில் படும். அதை எடுத்தால் ஒரு பெயர் மட்டுமல்ல, அந்த அலைவரிசை மொத்தமும் போய்விடும். பெட்டியின் மேல் இருக்கும் வைஃபை பொத்தானும் பொதுவாக எல்லா வைஃபையையும் சேர்த்தே அணைப்பது. உங்கள் பிரச்சினைக்கு இரண்டுமே தேவையில்லை.

கட்டம் மங்கலாகி, அழுத்த விடாமல் இருந்தால் அது நிறுவனத்தின் கைவேலையாக இருக்கலாம். சில இணைய நிறுவனங்கள் வாடிக்கையாளர் வீட்டுப் பெட்டியிலிருந்தே தங்கள் மற்ற வாடிக்கையாளர்களுக்கும் ஒரு பொது ஹாட்ஸ்பாட்டை ஒலிபரப்புகின்றன. அதை ரவுட்டர் பக்கத்தில் நிறுத்த முடியாது. நிறுவனத்தின் இணையதளத்தில் உங்கள் கணக்குக்குள் போயோ, வாடிக்கையாளர் சேவையை அழைத்தோதான் நிறுத்த வேண்டும்.

சரி, இவ்வளவும் கெஸ்டுக்கு. என் ஊகம் தவறி, இரண்டாவது பெயர் 5 ஜிகாஹெர்ட்ஸ் அலைவரிசையுடையதாக இருந்தால்? அப்போது நிறுத்தவே வேண்டாம் என்பேன். இரண்டில் எதை அணைத்தாலும் இழப்பு இருக்கிறது. 5ஐ அணைத்தால் எல்லாக் கருவிகளும் 2.4இல் வந்து நெருக்கும். அங்கே ஒன்றின் மேல் ஒன்று ஏறாத சேனல்கள் (அலைவரிசைக்குள் உள்ள தடங்கள்) 1, 6, 11 என மூன்றே மூன்று. அக்கம்பக்கத்து வைஃபைகளும், புளூடூத்தும், மைக்ரோவேவ் அடுப்பின் இரைச்சலும் அதே இடத்தில்தான். 2.4ஐ அணைத்தாலோ ஸ்மார்ட் பிளக், கேமரா, பழைய பிரிண்டர் என்று 5ஐ அறியாத கருவிகள் ஒவ்வொன்றாகச் செயலிழக்கும். சுவர் தாண்டிப் போகும் திறனும் 5க்குக் குறைவு. இரண்டு நாள் கழித்து மூலை அறையில் ஏதோ ஒன்று வேலை செய்யவில்லை என்று தெரியவரும்போது, காரணம் இதுதான் என்று யாருக்கும் தோன்றாது.

இரண்டு பெயர்கள் இருப்பதுதான் எரிச்சல் என்றால் ஒன்றாக்கிவிடலாம். இரண்டு அலைவரிசைக்கும் ஒரே பெயர், ஒரே பாஸ்வேர்டு, ஒரே பாதுகாப்பு வகை கொடுங்கள். அல்லது ‘ஸ்மார்ட் கனெக்ட்’, ‘பேண்ட் ஸ்டியரிங்’ என்ற பெயர்களில் வரும் வசதியை இயக்குங்கள். எது வசதியோ அந்த அலைவரிசையில் கருவிகள் போய்ச் சேரும். 2.4 மட்டும் தெரிந்த புதுக் கருவியை முதல்முறை இணைக்கும்போது சிலசமயம் இது முரண்டு பிடிக்கும். அந்த நேரத்துக்கு மட்டும் பெயர்களைப் பிரித்து, இணைத்தபின் மறுபடி சேர்த்துக்கொள்ளலாம்.

உங்கள் கெஸ்டுக்கே திரும்புவோம். அணைப்பதற்குமுன் அதில் இப்போது எவையெல்லாம் இணைந்திருக்கின்றன என்று ரவுட்டரின் கருவிப் பட்டியலில் ஒரு பார்வை பாருங்கள். டிவியையோ பல்பையோ யாராவது அதில் இணைத்து வைத்திருந்தால், அவற்றை முதல் பெயருக்கு மாற்ற வேண்டியிருக்கும். முன்பின் தெரியாத கருவி ஏதாவது இருந்தால், கெஸ்டை அணைத்த கையோடு முதல் வைஃபையின் பாஸ்வேர்டையும் அட்மின் பாஸ்வேர்டையும் மாற்றிவிடுங்கள்.

சேவ் செய்தபின் ரவுட்டரை ஒருமுறை அணைத்துப் போடுங்கள். உடனே 5 ஜிகாஹெர்ட்ஸ் வரவில்லையே என்று பதற வேண்டாம். ரேடார்களோடு பகிர்ந்துகொள்ளும் சில சேனல்களில், ரேடார் இயங்கவில்லை என்பதைக் குறைந்தது 60 விநாடியாவது கேட்டு உறுதி செய்த பிறகே ரவுட்டர் ஒலிபரப்பத் தொடங்க வேண்டும் என்பது விதி. தாமதத்துக்கு அது காரணமாக இருக்கலாம். எல்லாம் எழுந்தபின் பட்டியலில் அந்த இரண்டாவது பெயர் இல்லாமல் இருக்க வேண்டும்.

அப்புறம் பலரும் விட்டுவிடும் ஒரு வேலை இருக்கிறது. வீட்டில் உள்ள எல்லாப் போன்களிலும், சேமித்த நெட்வொர்க் பட்டியலில் அந்தப் பழைய பெயரை ‘ஃபர்கெட்’ கொடுத்து அழித்துவிடுங்கள். அந்தக் கெஸ்ட் பாஸ்வேர்டே இல்லாமல் திறந்து கிடந்த ஒன்றென்றால் இது கட்டாயம். அதே பெயரில் வேறு யாராவது எங்காவது ஒரு திறந்த வைஃபையை இயக்கினால், உங்கள் போன் பழக்கதோஷத்தில் அதில் போய் இணைந்துவிடக்கூடும்.

வேலையின் நடுவே எங்காவது சிக்கிக்கொண்டு, ரவுட்டருக்குள்ளேயே போக முடியாத நிலை வந்தால் பின்புறம் ஊசித்துளை அளவில் உள்ள ரீசெட் பொத்தான் கடைசி வழி. பல ரவுட்டர்களில் அதைச் சுமார் 10 விநாடி அழுத்திப் பிடிக்க வேண்டும். ஆனால் அது எல்லாவற்றையும் அழித்துவிடும். இணைய நிறுவனம் கொடுத்த யூசர்நேமும் பாஸ்வேர்டும்கூட அதில் போகலாம். அவற்றை முதலிலேயே எழுதி வைத்துக்கொள்ளுங்கள். ரவுட்டர் பக்கத்தில் ‘பேக்கப்’ வசதி இருந்தால் இன்னும் நல்லது.

சில வாரங்கள் கழித்து அந்தப் பெயர் மறுபடி தலைகாட்டினால் ஆச்சரியப்படாதீர்கள். நிறுவனம் கொடுத்த பெட்டிகளைப் பெரும்பாலும் அவர்களே தொலைவிலிருந்து நிர்வகிக்கிறார்கள். டிஆர்-069 என்ற நெறிமுறை 2004இலிருந்தே அதற்காக இருக்கிறது. பெட்டிக்குள் இயங்கும் மென்பொருளான ஃபர்ம்வேரைப் புதுப்பிக்கும்போதோ செட்டிங்ஸை மறுபடி அனுப்பும்போதோ நீங்கள் எடுத்த டிக் திரும்ப விழுந்துவிடலாம். அப்படி நடந்தால் நீங்களே மீண்டும் மீண்டும் அணைத்துக்கொண்டிருக்க வேண்டாம். வாடிக்கையாளர் சேவையை அழைத்து, உங்கள் இணைப்புக்கான அவர்களது அமைப்பிலேயே அந்த எஸ்எஸ்ஐடியை நீக்கச் சொல்லுங்கள். எந்த எண்ணுள்ள எஸ்எஸ்ஐடி என்பதைக் குறித்து வைத்திருந்தால் பேச்சு சீக்கிரம் முடியும்.