குடிக்காதவருக்கு டோரோவில் என்ன இருக்கிறது?

கேள்வி: செப்டம்பர் கடைசியில் கணவரோடு போர்ச்சுகல் போகிறேன். டோரோ பள்ளத்தாக்கில் ஒயின் சுவைத்துப் பார்க்க வேண்டும் என்பது அவருடைய நெடுநாள் ஆசை. எனக்குக் குடிக்கும் பழக்கமே இல்லை. அங்கே ஒரு நாள் முழுக்க நான் என்ன செய்வது?
– வாசகி, கோயம்புத்தூர்

பதில்: ஒரு நாள் போதவே போதாது, சகோதரி. ஓர் இரவாவது தங்குங்கள். போர்ட்டோவிலிருந்து பின்யாவ் ஊருக்கு ரயிலில் போங்கள். சுமார் இரண்டரை மணி நேரம். வலப்பக்க ஜன்னலைப் பிடித்துவிடுங்கள், ஆறு அந்தப் பக்கம்தான். பின்யாவ் நிலையத்துச் சுவர்களில் திராட்சை அறுவடையை நீல வண்ணப் பீங்கான் ஓவியங்களாகப் பதித்திருக்கிறார்கள். அவசரமாக வெளியேறிவிடாதீர்கள்.

அங்கே நீங்கள் பார்க்க வேண்டியது மலையை. ஷிஸ்ட் பாறையை உடைத்து, சாந்து இல்லாமல் கல்மேல் கல் அடுக்கி, ஆற்றங்கரையிலிருந்து உச்சிவரை படிப்படியாகச் சுவர் எழுப்பி, திராட்சைக் கொடி நட்டிருக்கிறார்கள். ஒரு சுவரருகே நின்று பாருங்கள். பட்டை பட்டையாகப் பிளக்கும் அந்தக் கல்லின் இடுக்குகளில்தான் கொடியின் வேர் நீர் தேடி இறங்குகிறது. சில சரிவுகளில் கொடியே இருக்காது, புதர் மண்டிய சுவர்கள் மட்டும் நிற்கும். 1860-களில் வந்த ஃபிலாக்சரா பூச்சி வேரை அழித்தபின் கைவிடப்பட்டவை அவை. எனக்கு அந்த மலையில் மனத்தை மிகவும் தைத்த இடங்கள் அவைதான். 1756-இல், அன்று போர்ச்சுகல் அரசை நடத்திய அமைச்சர் பொம்பால் பிரபு இந்த ஒயின் பகுதிக்கு எல்லை வகுத்தார். அப்போது நட்ட கிரானைட் எல்லைக் கற்கள் சில இன்னும் நிற்கின்றன.

சுவைக்கும் மேசையில் நீங்களும் உட்காருங்கள். முகர்ந்து பார்க்கலாம்; வாயில் வைத்துத் துப்பவும் பாத்திரம் உண்டு. தொழில்முறைச் சுவைஞர்களே அப்படித்தான் செய்கிறார்கள், யாரும் தவறாக நினைக்கமாட்டார்கள். பல தோட்டங்களில் சொந்த ஆலிவ் எண்ணெயும் கிடைக்கும். உங்கள் கணவருக்கு ஒரு வார்த்தை: பாதி நொதிக்கும்போதே திராட்சைச் சாராயம் கலந்து நொதிப்பை நிறுத்துவதால்தான் இந்தப் பள்ளத்தாக்கின் போர்ட் ஒயின் இனிக்கிறது. அதில் ஆல்கஹால் ஏறத்தாழ 20 சதவீதம். வளைவுகள் நிறைந்த அந்த மலைச்சாலையில் அவர் கார் ஓட்டவே கூடாது.

நீங்கள் போவது அறுவடைக் காலம். சில தோட்டங்களில் இன்றும் மாலையில் கிரானைட் தொட்டியில் இறங்கி, தோளோடு தோள் கோத்துத் திராட்சையை மிதிக்கிறார்கள். விருந்தினரையும் சேர்த்துக்கொள்வது உண்டு. முன்பதிவு செய்துவிட்டு நீங்களும் இறங்குங்கள். தொடைவரை சாறு ஏறும், கறை எளிதில் போகாது. பழைய அரைக்கால் சட்டை ஒன்றை மறக்காமல் எடுத்துச் செல்லுங்கள்.