பதில்: பிளாஸ்மினோஜன் 48%, பயப்பட வேண்டுமா?

வணக்கம் சகோதரி. ஜார்ஜ்டவுனில் பிறந்து மூன்று நாளான உங்கள் மகனுக்கு, இரத்தத்தில் உள்ள பிளாஸ்மினோஜன் என்ற புரதம் 48% என்று வந்து, ரிப்போர்ட்டில் சிவப்புக் குறி இருப்பதாக எழுதியிருந்தீர்கள்.

அந்தக் குறி பெரியவர்களின் அளவை வைத்து விழுந்திருக்கலாம். இந்தப் புரதம் பிளாஸ்மின் என்ற நொதியாக மாறித்தான் இரத்தக் கட்டியைக் கரைக்கிறது. நிறைமாதத்தில் பிறந்த ஆரோக்கியமான குழந்தைக்கே இது பெரியவர்களின் அளவில் ஏறக்குறையப் பாதிதான். ஆறு மாதத்துக்குள் தானாக ஏறிவிடும். பிறந்ததும் போடும் வைட்டமின் கே ஊசிக்கும் இதற்கும் சம்பந்தமுண்டா என்று உங்கள் மாமியார் கேட்டதாக எழுதியிருந்தீர்கள். சம்பந்தமில்லை, அவரிடமும் சொல்லிவிடுங்கள்.

குறைமாதம், மூச்சுத் திணறல், கிருமித்தொற்று என்றால் இன்னும் குறையலாம். ஆனால் நான் இந்த எண்ணைவிட, தொப்புள் வழியாகக் குழாய் போட்டிருக்கிறார்களா என்றுதான் முதலில் பார்ப்பேன். பச்சிளங்குழந்தைகளுக்கு இரத்தக் கட்டி உண்டாகப் பெரும்பாலும் இரத்தக் குழாயில் செருகிய இத்தகைய குழாய்தான் காரணம். கால் வீங்கினாலோ நிறம் மாறினாலோ உடனே மிஸ்ஸியை (நர்ஸை) கூப்பிடுங்கள். கட்டியைக் கரைக்கும் மருந்து வேலை செய்யவும் பிளாஸ்மினோஜன் வேண்டும். அதனால் சில சமயம் முதலில் பிளாஸ்மா (பிளாஸ்மினோஜன் உள்ள, இரத்தத்தின் திரவப் பகுதி) ஏற்றுவார்கள். அதைப் பார்த்துப் பதறாதீர்கள்.

அப்புறம், நாளை டாக்டர் ரவுண்ட்ஸ் வரும்போது, ரிப்போர்ட்டில் உள்ளது எந்த வயதுக்கான அளவு என்று கேட்டுப் பாருங்கள்.