மின்சாரம் மலையிறங்கிப் போன கதை

வாசகர் கேள்விகளும் பதில்களும்

கோத்தகிரியிலிருந்து ஒரு வாசகர்: எங்கள் நீலகிரியின் பைக்காரா மின்சாரம்தான் கோயம்புத்தூரைத் தொழில் நகரமாக்கியது என்று பள்ளியில் படித்தோம். தண்ணீரும் குளிர்ச்சியும் எங்களிடம் இருக்க, ஆலைகள் மட்டும் கீழே எழுந்தது ஏன்? எங்கள் ஹட்டியில் (படுகர் ஊரில்) படித்த பிள்ளைகள் இன்று பெங்களூருக்குப் போகிறார்கள். ஒரு நகரத்தைத் தொழிலுக்கும் புதுமைக்கும் உரிய இடமாக்குவது எது?

பதில்: பைக்காரா மின்நிலையம் 1932இல் இயங்கத் தொடங்கியது. கோயம்புத்தூரின் முதல் நூற்பாலையோ 1888இலேயே எழுந்துவிட்டது. கரிசல் மண்ணின் பருத்தியும், அதை வாங்கி விற்றுச் சேர்ந்த பணமும், இயந்திரம் பழுதானால் பிரித்துப் பார்க்கத் தெரிந்த கைகளும் அங்கே காத்திருந்தபோதுதான் உங்கள் மலையின் மின்சாரம் போய்ச் சேர்ந்தது. எனவே அது அந்த நகரத்தை உண்டாக்கவில்லை; ஏற்கெனவே நடந்துகொண்டிருந்ததை ஓட வைத்தது.

மழை குறைந்த கொங்குப் பகுதியில் கிணறுகள் ஆழமானவை. நீர் இறைக்க மோட்டார் வாங்கிய உழவர், அது நின்றுபோனால் மறுநாள் காலையிலேயே பட்டறை வாசலில் வந்து நிற்பார். ஆலைகளுக்கு உதிரிபாகம் செய்துகொண்டிருந்த இரும்பு வார்க்கும் ஃபவுண்டரிகளும் அதைக் கடையும் லேத் பட்டறைகளும் அந்த உழவரின் ஏச்சைக் கேட்டுக் கேட்டுத்தான் பம்ப் செட்டைத் திருத்தக் கற்றுக்கொண்டன. பின்னர் அதே மோட்டார் அறிவு மாவரைக்கும் கிரைண்டருக்கும் போயிற்று. ஒரு பட்டறையில் தொழில் பழகியவர் சில ஆண்டுகளில் அடுத்த தெருவில் தாமே ஒரு லேத் போட்டு உட்காருவார். பழைய முதலாளி முகம் சுளித்தாலும், ஊருக்கு அதனால் ஒரு பட்டறை கூடுகிறது. நகரத்தை வளர்ப்பது எல்லாவற்றையும்விட, தொழில் கற்றவர் இப்படி ஓரிடம் விட்டு இன்னோரிடம் போய்த் தொடங்குவதுதான் என்பது என் கருத்து. (வேலையை விட்டவர் போட்டி நிறுவனத்தில் சேரக் கூடாது என்னும் ஒப்பந்தம் கணினி நிறுவனங்கள் குவிந்த கலிஃபோர்னியாவில் செல்லாது என்பதைப் பலர் வியந்து பேசுகிறார்கள்; தொழில் செய்வதைத் தடுக்கும் ஒப்பந்தம் செல்லாது என்று நம் நாட்டின் 1872ஆம் ஆண்டு ஒப்பந்தச் சட்டமும் சொல்கிறது.)

பெங்களூரைக் கேட்டீர்கள். காவிரியின் சிவசமுத்திர அருவியில் எடுத்த மின்சாரம் 1902இல் முதலில் போனது கோலார் தங்கவயலுக்கு. பெங்களூரின் தெருவிளக்குகள் எரிந்தது 1905இல். முந்திக்கொண்ட தங்கவயல் ஒரே பொருளை நம்பி இருந்தது. 2001இல் சுரங்கம் மூடப்பட்டபின், தலைமுறைகளாக அங்கே உழைத்த தமிழ்க் குடும்பங்களின் பிள்ளைகள் பலர் விடியற்காலை ரயிலில் பெங்களூருக்கு வேலைக்குப் போகிறார்கள். பெங்களூரிலோ 1909இல் இந்திய அறிவியல் கழகம், 1940இல் விமானத் தொழிற்சாலை, 1954இல் பாரத் எலக்ட்ரானிக்ஸ் என்று ஒன்றன் மேல் ஒன்றாகச் சேர்ந்த தொழில்களால், ஓரிடத்தில் வேலை போனாலும் கற்றவர் ஊரை விடாமல் இன்னோரிடம் தேட முடிந்தது.

குன்னூரிலிருந்து ஒரு வாசகர்: அருவங்காட்டிலும் ஊட்டியிலும் பெரிய தொழிற்சாலைகள் வந்தனவே, அவற்றைச் சுற்றி ஏன் எதுவும் வளரவில்லை?

பதில்: அருவங்காட்டில் செய்வது வெடிமருந்து, அந்த வேலையின் நுட்பம் மதிலுக்கு வெளியே வரக் கூடாதது. 1960இல் ஊட்டியில் நிறுவப்பட்ட இந்துஸ்தான் ஃபோட்டோ ஃபிலிம்ஸ் வேறு வகை. படச்சுருளின் மேல் ரசாயனம் பூசும் அரிய திறமை அங்கே இருந்தது. ஆனால் டிஜிட்டல் கேமரா வந்த நாளில் அந்தத் திறமையை விலைக்குக் கேட்க அக்கம்பக்கத்தில் ஒருவரும் இல்லை.

மலையில் பட்டறைத் தெருவுக்கு நிகரான ஒன்று உண்டென்றால், அது உங்கள் குன்னூர்த் தேயிலைத் தொழில்தான். 1893இல் தொடங்கிய உபாசி என்னும் தென்னிந்தியத் தோட்ட உரிமையாளர் சங்கம், 1963இலிருந்து நடக்கும் தேயிலை ஏலம், சுவை பார்ப்பவர்கள், தரகர்கள், கிடங்குகள், சிறு விவசாயியின் பச்சைத் தேயிலையை வாங்கி அரைக்கும் தொழிற்சாலைகள் என எல்லாம் ஒன்றுக்கொன்று அருகிலேயே இருக்கின்றன. ஆயினும் பெரும்பகுதி ஒரே வகைத் தூளாகவே ஏலத்துக்குப் போவதால், கொழுந்தின் விலை சரிந்தால் அத்தனை பேரும் சேர்ந்தே சரிகிறார்கள். தோட்டத்திலேயே சிறிய அளவில் இலைத் தேநீரும் பச்சைத் தேநீரும் செய்து பார்க்கும் இளைஞர்களை நான் பெரிதாக மதிப்பது அதனால்தான்.

கொடைக்கானலிலிருந்து ஒரு வாசகி: இங்கே ஐ.டி. பார்க் ஒன்று கட்டினால் எங்கள் பிள்ளைகள் ஊரிலேயே இருப்பார்களா?

பதில்: கட்டடத்தால் மட்டும் இருக்க மாட்டார்கள். மண் சரியும் சரிவும் கோடையில் தண்ணீர் தட்டுப்பாடும் உள்ள மலை, பெருங்கூட்டத்தைத் தாங்காது என்பது தனி. தொடங்குவதானால் பூண்டிலிருந்து தொடங்கலாம். கொடைக்கானல் மலைப்பூண்டு 2019இல் புவிசார் குறியீடு பெற்றது; பூம்பாறையில் விளையும் அந்தப் பூண்டு விலைபோவது மலையடிவாரத்து வடுகபட்டிச் சந்தையில். தரம் பிரித்தலும் உரித்தலும் பொதியிடலும் மேலேயே நடக்கும்படி நான்கு பேர் நான்கு சிறு கூடங்கள் போட்டால், பைக்காரா மின்சாரத்தைப் போலப் பூண்டும் முழுதாகக் கீழே இறங்கிப் போகாது.