லீடர்ஷிப் பொறப்புலயே வரணுமாமே? பிளஸ் டூ படிக்கிற பொண்ணோட அம்மாவுக்கு ஒரு பதில்

அக்கா, போன சனிக்கிழமை பொண்ணோட மேல்படிப்புக்கு ஆலோசனை கேக்க என்கிட்ட வந்துட்டு நீங்க கிளம்புற நேரத்துல கதவுகிட்ட நின்னு கேட்டீங்கல்ல, "மேடம், தலைமை தாங்குற குணம்லாம் ரத்தத்துல வரணும்னு என் தம்பி சொல்றான், இவ வாயே தொறக்க மாட்டா, இவளுக்கு போய் பிபிஏ, எம்பிஏன்னு காசைக் கொட்டுறது வீண்தானே"ன்னு. அன்னிக்கு வெளிய இன்னும் நாலு குடும்பம் காத்துட்டு இருந்ததால அரைகுறையா ஏதோ சொல்லி அனுப்பிட்டேன், வீட்டுக்கு வந்தும் மனசு ஆறல. இதே கேள்வியோட வாரத்துக்கு ரெண்டு பேராவது வர்றாங்க, அதனால பேரு ஊரு இல்லாம எல்லாரும் படிக்கிற மாதிரியே எழுதுறேன், நீங்க தப்பா எடுத்துக்க மாட்டீங்கன்னு தெரியும்.

முதல்ல அந்த க்ளாஸ் லீடர் கதை. ஒன்பதாவதுல இருந்து ஒரு தடவைகூட அவளை க்ளாஸ் லீடரா போடலைன்னு ரொம்ப வருத்தப்பட்டீங்க. நம்ம ஸ்கூல்ல க்ளாஸ் லீடரை எப்படி போடுவாங்கன்னு கொஞ்சம் யோசிச்சுப் பாருங்க. ஜூன் மாசம் முதல் வாரம் டீச்சர் உள்ள வர்றாங்க, உயரமா இருக்குற பிள்ளை, இல்ல ஃபர்ஸ்ட் ரேங்க் வாங்குற பிள்ளை, இல்ல சத்தமா பேசுற பிள்ளை, கையைக் காட்டி "நீ பாத்துக்கோ"ன்னு சொல்றாங்க, முடிஞ்சது. வேலை என்னன்னா டீச்சர் இல்லாதப்ப பேசுறவங்க பேரை போர்டுல எழுதி, அடங்காதவங்க பேருக்குப் பக்கத்துல பெருக்கல் குறி போடுறது. டீச்சரைக் குறை சொல்லல, அம்பது பிள்ளையை வச்சுக்கிட்டு அவங்க வேற என்ன செய்வாங்க. ஆனா அந்த ஒரு நிமிஷத் தேர்வை வச்சு "பொறவியிலயே இவ லீடர், இவ லீடர் இல்ல"ன்னு ஒரு முத்திரை விழுந்துடுது, முத்திரை விழுந்த பிள்ளைக்கே அடுத்த வருஷமும் வாய்ப்பு, ஆண்டு விழாவுல மைக்கு, ஸ்போர்ட்ஸ் டேல கொடி எல்லாம் போகுது, நாலு வருஷம் கழிச்சு பாத்தா அந்தப் பிள்ளை நெஜமாவே நல்லா பேசுது, உங்க பிள்ளை பின்னாடி நிக்குது. உடனே நாம சொல்றோம், பாத்தியா, அது பொறப்புலயே அப்படி!

அதுக்காக உங்க தம்பி சொல்றதுல ஒண்ணுமே இல்லன்னு நான் சொல்ல மாட்டேன். அமெரிக்காவுல மின்னசோட்டா மாகாணத்துல பொறந்த ஆண் இரட்டையர்களை வச்சு ஒரு ஆய்வு பண்ணி 2006-ல வெளியிட்டாங்க. ஒரே கரு பிரிஞ்சு பொறந்த, அச்சு அசலா ஒரே மாதிரி இருக்குற இரட்டையரையும், ரெண்டு கருவா வளர்ந்த இரட்டையரையும் ஒப்பிட்டு, வேலையில சூப்பர்வைசர், மேனேஜர்னு யார் யார் பொறுப்புல இருந்தாங்கன்னு பாத்தாங்க. ஆளுக்கு ஆள் இருந்த வித்தியாசத்துல சுமார் 30 சதவீதம் மரபணுவால வருதுன்னு முடிவு. இதை நிறைய பேரு தப்பா புரிஞ்சுக்கிறாங்க, உங்க பொண்ணுக்குள்ள 30 பங்கு பொறப்பு 70 பங்கு வளர்ப்புன்னு தராசுல போட்டு சொல்ற கணக்கு இல்ல அது. ஒரு கூட்டத்தை மொத்தமா எடுத்துக்கிட்டா அவங்களுக்குள்ள இருக்குற ஏற்ற இறக்கத்துக்கு என்ன காரணம்னு சொல்ற கணக்கு, தனி ஒரு பிள்ளையைப் பத்தி அது எதுவும் சொல்லாது. அதுலயே மிச்சம் பெரும்பங்கு வாழ்க்கையில கிடைச்ச அனுபவத்துல இருந்து வருதுன்னுதான் இருக்கு. சின்ன வயசுலயே துறுதுறுன்னு, யாருகிட்டயும் கூச்சமில்லாம பேசுற பிள்ளைங்க இருக்காங்க, அவங்களுக்கு ஆரம்பம் சுலபம்தான், ஒத்துக்கிறேன்.

ஆனா நம்ம நாட்டுலயே இன்னொரு விஷயம் நடந்திருக்கு, என்கிட்ட வர்ற ஒவ்வொரு பொம்பளப் பிள்ளையோட அப்பா அம்மாகிட்டயும் இதை நான் சொல்லாம விடுறதில்ல. 73-வது அரசியல் சட்டத் திருத்தம் 1993-ல அமலுக்கு வந்தப்ப பஞ்சாயத்துல மூணுல ஒரு பங்கு பெண்களுக்குன்னு ஆச்சு (நம்ம தமிழ்நாட்டுல 2016-ல அதைப் பாதியா ஆக்குனாங்க). மேற்கு வங்காளத்துல 1998-ல இருந்து ஊராட்சித் தலைவர் பதவிக்கும் இந்த ஒதுக்கீடு, எந்த ஊருக்கு எந்தத் தடவைங்கிறது சுழற்சியில வரும். அதாவது அந்த ஊர்ல தலைமைக் குணத்தோட ஒரு பொம்பள பொறந்திருக்காங்களான்னு யாரும் தேடல, முறை வந்துச்சு, ஒரு பொம்பள நாற்காலியில உக்காந்தாங்க. முன்னபின்ன மேடை ஏறாதவங்க எத்தனையோ பேரு. என்ன ஆச்சுன்னு பொருளாதார ஆய்வாளர்கள் போய் பாத்தாங்க. பெண் தலைவர் இருந்த ஊருல குடிதண்ணிக்கு அதிகமா செலவு பண்ணியிருந்தாங்க, ரெண்டு தடவை தொடர்ந்து பெண் தலைவர் இருந்த ஊருல அதுக்கப்புறம் ஒதுக்கீடு இல்லாத தேர்தல்லயும் பெண்கள் கூடுதலா நின்னாங்க, ஜெயிச்சாங்க.

அதுல என்னைத் தூக்கிவாரிப் போட்டது என்ன தெரியுமா, ஒரு தலைவர் பேசுற பேச்சை ஆண் குரல்ல ஒரு தடவை, பெண் குரல்ல ஒரு தடவை பதிவு பண்ணி ஊர்க்காரங்களுக்கு போட்டுக் காட்டியிருக்காங்க. வார்த்தைக்கு வார்த்தை ஒரே பேச்சு. பெண் தலைவரையே பாக்காத ஊர் ஆம்பளைங்க பெண் குரலுக்கு மார்க்கு கம்மியா போட்டாங்க, பெண் தலைவரைப் பாத்துப் பழகின ஊர்ல அந்தப் பாரபட்சம் மறைஞ்சுபோச்சு. கேக்குற காதுல இருந்த கோளாறைத்தான் இத்தனை நாளா பேசுற பிள்ளையோட பொறவிக் குறைன்னு நெனச்சிருக்கோம் அக்கா. 2012-ல வந்த இன்னொரு ஆய்வு அதே மாநிலத்துல 495 கிராமத்துல எடுத்தது, ரெண்டு தடவை பெண் தலைவர் இருந்த ஊருல, பையனுக்கு வைக்கிற ஆசைக்கும் பொண்ணுக்கு வைக்கிற ஆசைக்கும் நடுவுல அப்பா அம்மாகிட்ட இருந்த இடைவெளி 25 சதவீதம் குறைஞ்சிருந்துச்சாம், பிள்ளைங்ககிட்ட 32 சதவீதம். உங்க தம்பிகிட்ட இதை நீங்களே சொல்லுங்க.

ராணுவத்தை எடுத்துக்கோங்க. அதிகாரி வேலைக்கு எஸ்எஸ்பி (சர்வீசஸ் செலக்‌ஷன் போர்டு) இன்டர்வியூ அஞ்சு நாள் நடக்கும். முதல் நாளே வடிகட்டிருவாங்க, மிச்சம் இருக்குறவங்களை ஒரு உளவியல் நிபுணர், ஒரு குழுத்தேர்வு அதிகாரி, ஒரு இன்டர்வியூ அதிகாரி மூணு பேரும் தனித்தனியா எடை போட்டு அஞ்சாம் நாள்தான் உக்காந்து பேசுவாங்க. பலகை, கயிறு, கம்பு கொடுத்து ஒரு தடையைத் தாண்ட சொல்லுவாங்க, அதுல ஒவ்வொருத்தரையும் மாத்தி மாத்தி கமாண்டரா நிக்க வைப்பாங்க, சத்தமில்லாத பிள்ளைக்கும் அந்த முறை கண்டிப்பா வரும். இவ்வளவு சல்லடை போட்டு எடுத்தும் நேரா பதவி கொடுக்குறாங்களா? இல்லையே, நம்ம சென்னை பரங்கிமலையில இருக்குற ஆபீசர்ஸ் ட்ரெய்னிங் அகாடமியில 49 வாரம் போட்டு எடுக்குறாங்க. பொறப்புலயே எல்லாம் முடிஞ்சிருச்சுன்னா அந்த 49 வாரம் எதுக்கு?

சரி, இப்ப உங்க பொண்ணு. நீங்க அன்னிக்கு அரை மணி நேரம் அவளைப் பத்தி பேசுனீங்க, நான் அவளைக் கேட்ட கேள்விக்கும் நீங்கதான் பதில் சொன்னீங்க (கோவிச்சுக்காதீங்க, முக்காவாசி அம்மாங்க அப்படித்தான்). நடுவுல போற போக்குல ஒண்ணு சொன்னீங்க, "சாயந்திரம் பக்கத்து வீட்டுப் பிள்ளைகளுக்கு சும்மா சொல்லிக்கொடுப்பா"ன்னு. நீங்க ஜெராக்ஸ் எடுக்கப் போன பத்து நிமிஷத்துல நான் அதைப் பத்திதான் அவகிட்ட கேட்டேன். மொத்தம் ஆறு பிள்ளைங்க, ரெண்டாவதுல இருந்து எட்டாவது வரைக்கும். ஒரு நாப்பது பக்க நோட்டு வச்சிருக்கா, ஒவ்வொரு பிள்ளை பேருக்கும் ஒரு பக்கம், எந்தக் கணக்குல மாட்டிக்குதுன்னு தேதியோட எழுதியிருக்கா. எட்டாவது பையன் சேட்டை பண்ணான்னு அவனை அடிக்கல, வீட்டுல சொல்லிக் கொடுக்கல, சின்னப் பிள்ளைங்களுக்கு வாய்ப்பாடு கேக்குற பொறுப்பை அவன்கிட்ட கொடுத்துட்டா, இப்ப அவன்தான் ஆறு மணிக்கு முதல்ல வந்து பாய் விரிக்கிறானாம். ஒரு பொண்ணு மூணு நாள் வரலைன்னதும் ஆளனுப்பிக் கேட்டிருக்கா, அவங்க வீட்டுல சண்டைன்னு தெரிஞ்சதும் அந்தப் பிள்ளையை மட்டும் கொஞ்ச நாள் அரை மணி நேரம் முன்னாடியே வரச் சொல்லியிருக்கா. இதையெல்லாம் தலையைக் குனிஞ்சுக்கிட்டு மெதுவாத்தான் சொன்னா, ஆனா ஒரு இடத்துலகூட தடுமாறல.

அக்கா, பெரிய கம்பெனியில டீம் லீடரா உக்காந்திருக்குறவங்க இதைத்தான் பண்ணணும், பாதி பேருக்கு இது வராது. ஆளு ஆளா தெரிஞ்சு வச்சுக்கிறது, வேலையைப் பிரிச்சுக் கொடுக்குறது, சேட்டை பண்றவனுக்கு பொறுப்பு கொடுத்து கூட சேத்துக்கிறது, வராதவனை விசாரிக்கிறது. நீங்க அதுக்கு சும்மான்னு பேரு வச்சிருக்கீங்க.

ஒரு உண்மையையும் சொல்லணும். நான் இந்த வேலைக்கு வந்த புதுசுல ஒரு பையனை, ரொம்ப அமைதியான பையன், "உனக்கு ஆளுங்களை வச்சு வேலை வாங்குறதெல்லாம் ஒத்து வராது, தனியா கம்ப்யூட்டர் முன்னாடி உக்காருற வேலையா பாரு"ன்னு சொல்லி அனுப்பிட்டேன். ஏழெட்டு வருஷம் கழிச்சு ஒரு கல்யாணத்துல பாத்தேன், குடும்பக் கஷ்டத்துல கேட்டரிங்ல இறங்கி முப்பது பேரை வச்சு பந்தி நடத்திட்டு இருந்தான், குரல் அப்பவும் அதே மெதுவான குரல்தான், ஒரு பார்வை பாத்தா சாம்பார் வாளி நகருது. அன்னிக்கு ராத்திரி எனக்கு தூக்கம் வரல. அதுக்கப்புறம் எந்தப் பிள்ளையையும் குரலை வச்சு நான் எடை போட்டதே இல்ல.

இப்ப படிப்பு விஷயம். அவளுக்கு அக்கவுன்டன்சி பிடிச்சிருக்கு, மார்க்கும் வருது. பிபிஏ எடுத்தா மேனேஜர் ஆகலாம், பிகாம் எடுத்தா கணக்குப்பிள்ளைதான்னு யாரோ உங்ககிட்ட சொல்லியிருக்காங்க, அதைக் காதுல போட்டுக்காதீங்க. எம்பிஏவுக்கு எந்த டிகிரி வச்சிருந்தாலும் போகலாம். பிகாம் சேத்து விடுங்க, சிஏ ஃபவுண்டேஷன் (சிஏ படிப்போட முதல் கட்டத் தேர்வு) எழுத ஆசைப்பட்டா எழுதட்டும். டிகிரி முடிஞ்சு ரெண்டு மூணு வருஷம் வேலை பாத்துட்டு எம்பிஏ போனா க்ளாஸ்ல சொல்றது மண்டையில ஏறும், நல்ல காலேஜ்ல அட்மிஷனுக்கும் அந்த அனுபவம் கணக்குல வரும். எம்பிஏ அட்மிஷனுக்கு வைக்கிற குரூப் டிஸ்கஷன்ல இவ எப்படி பேசுவான்னு இப்பவே பயப்படுறீங்க, ஐஐஎம்ல பல இடத்துல அதை எடுத்துட்டு எழுத்துத் தேர்வு வச்சு ரொம்ப வருஷம் ஆச்சு.

காலேஜ் சேந்ததும் முதல் வருஷமே என்எஸ்எஸ் இல்லன்னா என்சிசி, ரெண்டுல ஒண்ணுல சேரச் சொல்லுங்க. என்எஸ்எஸ்ல ரெண்டு வருஷத்துல 240 மணி நேரம் வேலை, ஏழு நாள் கிராமத்துல கேம்ப். கேம்ப்ல மேடையில பேசுறதை விட சமையலுக்கு எத்தனை கிலோ அரிசி, யாரு தண்ணி கொண்டு வர்றது, காய்ச்சல்ல படுத்த பிள்ளையை யாரு பாத்துக்கிறதுன்னுதான் நாள் போகும், இவளுக்கு அது நல்லா வரும். என்சிசி போய் சி சர்டிபிகேட் வாங்கிட்டா, குறைஞ்சது பி கிரேடு, டிகிரியில 50 சதவீதம் இருந்தா எழுத்துத் தேர்வே இல்லாம எஸ்எஸ்பிக்கு அப்ளை பண்ற வழி பொண்ணுங்களுக்கும் இருக்கு, உங்க வீட்டுல இப்ப யாரும் அதை யோசிச்சிருக்க மாட்டீங்க, தெரிஞ்சு வச்சுக்கோங்க.

அந்த மூணு நாள் லீடர்ஷிப் வொர்க்‌ஷாப் நோட்டீஸ் காட்டினீங்கல்ல, வேண்டாம். மூணு நாள் ஏசி ஹால்ல கை தட்டிட்டு வர்றதுல எதுவும் மாறாது. மேடையில பேசுற பயம் வேற விஷயம், அது பழக்கத்துல போகும், காலேஜ்ல செமினார் எடுக்க எடுக்க போயிடும். அவளுக்கு வேண்டியது கையில ஒரு முழுப் பொறுப்பு. மே மாசம் உங்க அண்ணன் பேரனுக்கு காது குத்துன்னு சொன்னீங்களே, தாம்பூலப் பை வேலையை அவகிட்ட கொடுங்க, எத்தனை பை, எங்க வாங்குறது, தேங்கா எவ்வளவு, யாரு யாரு பையில போடுறது, பணம் உட்பட அவ கையில. நடுவுல இருபது பை குறையும்னு உங்களுக்கு முன்னாடியே தெரியும், வாயைத் தொறக்காதீங்க, அவளா கண்டுபிடிச்சு அவளா ஓடட்டும். நம்ம வீடுகள்ல பிள்ளைங்ககிட்ட பொறுப்பு கொடுக்காம இல்ல, கொடுத்துட்டு சின்னதா ஒண்ணு தப்பானதும் "தள்ளு, நான் பாத்துக்கிறேன்"னு பாதியில பிடுங்கிடுறோம், அதுதான் பிள்ளையை உக்கார வைக்கிறது. கரண்ட் பில்லு, அவ தம்பியோட சாதிச் சான்றிதழுக்கு இ-சேவை மையத்துல போய் நிக்கிறது, கேஸ் ஏஜென்சியில போய் பேசுறது, எல்லாம் அவளே போகட்டும், ஒரு தடவை திரும்பி வந்தா மறுபடி போகட்டும்.

ஒருவேளை நாலு வருஷம் கழிச்சு அவளே வந்து எனக்கு ஆளுங்களை மேய்க்கிற வேலை வேண்டாம், ஆடிட்டிங்ல ஆழமா போறேன்னு சொன்னா அதுவும் சரிதான், அதுலயும் நல்ல சம்பளம், நல்ல மரியாதை இருக்கு. ஆனா அந்த முடிவை அவ செஞ்சு பாத்துட்டு எடுக்கணும், மாமா சொன்னாருன்னு பதினேழு வயசுலயே கதவை மூடிரக் கூடாது.

வர்ற சனிக்கிழமை பதினோரு மணிக்கு வாங்க. மார்க் ஷீட்டு ஜெராக்ஸ் ஏற்கனவே கொடுத்துட்டீங்க, அந்த நாப்பது பக்க நோட்டை மட்டும் மறக்காம எடுத்துட்டு வரச் சொல்லுங்க, முழுசா பாக்கணும்னு ஆசையா இருக்கு. நீங்க வெளிய பெஞ்சுல உக்காந்திருங்க, கூப்பிடுறேன்.