மஞ்சள் பூவுக்கு மருந்து இருக்கட்டும், புல் கட்டைப் பிரித்துப் பார்த்தீர்களா?

கேள்வி: ஐயா, வணக்கம். தென்னாப்பிரிக்காவில் வெருலம் பக்கம் சின்ன நிலம், நாலு பசு வைத்திருக்கிறேன். மேய்ச்சல் நிலம் முழுக்க ஒரு மஞ்சள் பூச்செடி, முழங்கால் உயரம்கூட இல்லை, பூ சின்னச் சாமந்தி மாதிரி. போன மாதத்திலிருந்து ஒரு பசு இளைத்துக்கொண்டே போகிறது. முக்கி முக்கி நிற்கிறது, கழிச்சலும் இருக்கிறது. சாதுவான மாடு, இப்போது ஆளைக் கண்டால் முட்ட வருகிறது. ஈரல் நோய் என்று கடைக்காரர் ஒரு ஊசி சொல்கிறார், செடிக்கு ஒரு களைக்கொல்லியும் தருகிறேன் என்கிறார். எதை முதலில் வாங்க?

பதில்: தம்பி, இரண்டையும் வாங்க வேண்டாம். முதலில் அந்த மாட்டின் வாயில் யாரும் கை விடாதீர்கள். முக்குவதும், சாது மாடு முட்ட வருவதும் வெறிநோயிலும் வரும், நம் குவாசுலு-நட்டால் மாகாணத்தில் நாய்களிடம் அது இன்னும் இருக்கிறது. தொண்டையில் ஏதோ சிக்கியிருக்கிறது என்று கை விட்டுப் பார்ப்பவர்கள்தான் ஆபத்தில் மாட்டிக்கொள்கிறார்கள். பசுவைத் தனியே அடைத்துவிட்டு அரசு கால்நடை மருத்துவரைக் கூப்பிடுங்கள். எச்சில் ஏற்கெனவே காயத்தில் பட்டிருந்தால் சோப்புப் போட்டு நன்றாகக் கழுவி, அன்றைக்கே கிளினிக் போங்கள். அந்தப் பாலைத் தொட வேண்டாம்.

வெறிநோய் இல்லை என்றானால் அடுத்த சந்தேகம் உங்கள் மஞ்சள் பூதான். நீங்கள் சொல்வதைப் பார்த்தால் செனீசியோ மடகாஸ்கரியென்சிஸ். பெயரில் மடகாஸ்கர் இருந்தாலும் நம் கரையோரத்தின் சொந்தச் செடிதான். ஒரு பூவைக் கிள்ளி இதழை எண்ணுங்கள், பெரும்பாலும் 13 இருக்கும், இலை ஓரம் பல் பல்லாக இருக்கும். செனீசியோ இனத்தில் உள்ள பைரோலிசிடின் ஆல்கலாய்டு என்ற விஷம் ஈரலைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கெடுக்கும். மாட்டுக்கு வந்தால் மோல்டெனோ நோய், குதிரைக்கு வந்தால் டுன்சீக்டே என்று இந்த நாட்டில் பழைய பெயர்கள். தின்று வாரக்கணக்கில், சில சமயம் மாதக்கணக்கில் கழித்துத்தான் வெளியே தெரியும், அதற்குள் ஈரல் போயிருக்கும். போன ஈரலைத் திருப்பித் தரும் ஊசி எந்தக் கடையிலும் இல்லை, விற்கிறவருக்கும் அது தெரியும்.

சரி, நீங்கள் கேட்காமல் விட்டது ஒன்று இருக்கிறது. குளிர்காலத்துக்குக் காய்ந்த புல் எங்கே வாங்கினீர்கள்? பச்சையாக நிற்கும்போது வேறு புல் இருந்தால் மாடு இந்தச் செடியைப் பெரும்பாலும் ஒதுக்கிவிடும். கட்டில் மற்ற புல்லோடு கலந்துவிட்டால் ஒதுக்க முடியாது, காய்ந்தாலும் விஷம் போகாது. நான் திரும்பத் திரும்பச் சொல்வது இதைத்தான்: புல் விற்பவர் முன்னாலேயே ஒரு கட்டைப் பிரித்து, துணியில் போட்டு உதறிப் பாருங்கள். சுருங்கிய மஞ்சள் தலையும் வெள்ளைப் பஞ்சு ஒட்டிய விதையும் விழுந்தால் விலை எவ்வளவு குறைத்தாலும் வேண்டாம். பிரிக்க விடாத வியாபாரியிடம் நிற்கவே நிற்காதீர்கள்.

களைக்கொல்லி விஷயம். பூத்து முற்றிய செடியில் அது சரியாக வேலை செய்யாது. அதைவிட மோசம், மருந்து பட்டு வாடும் செடியில் கசப்பு தெரியாமல் மாடு விரும்பித் தின்னும். ஹார்மோன் வகை, அதாவது செடியின் வளர்ச்சியைக் குலைத்துக் கொல்லும் களைக்கொல்லி காற்றில் போனால் பக்கத்துத் தக்காளி சுருண்டுவிடும். நம் மாகாணத்து டாலா பள்ளத்தாக்கில் காய்கறி பயிரிடுகிறவர்கள் 1990 வாக்கில் இதற்காக நீதிமன்றம் வரை போனார்கள்.

நிலத்தை மொட்டையாக மேயவிட்டால் அந்த வெற்றிடத்தில்தான் இது முளைக்கும். நாலு மாட்டுக்கு உங்கள் நிலம் தாங்குமா என்று யோசியுங்கள், வேலி போட்டுப் பாதியை ஓய்வில் விட்டுப் புல்லை அடர்த்தியாக ஏற விடுங்கள். ஆடு, செம்மறி இந்த விஷத்தை மாட்டைவிட நன்றாகத் தாங்கும், ஆனால் அடியோடு பாதிக்காது என்று நினைத்துவிடாதீர்கள். இப்போதைக்குக் கையுறை போட்டு, மழை பெய்த மறுநாள் வேரோடு பிடுங்குங்கள். பூத்ததைப் பிடுங்கி அங்கேயே போட்டால் கிடந்தபடியே விதை முற்றிவிடும், அதனால் பையில் கட்டி எரியுங்கள், எருக்குழியில் போடாதீர்கள்.

அப்புறம், மற்ற மூன்று பசுவும் அதே கட்டைத்தான் தின்றிருக்கும். மருத்துவர் வரும்போது அவற்றின் ரத்தத்தையும் ஈரலுக்காகப் பரிசோதிக்கச் சொல்லுங்கள்.