லிஸ்பனில் விடுமுறையின் கடைசி நாளைக் கணவன் மனைவியாக எப்படிக் கழிக்கலாம்?

மேடுகளில் ஏறி இறங்கியாகிவிட்டது, கோட்டையும் பார்த்தாகிவிட்டது, விமானம் ஏறுமுன் ஒரு முழுப் பகல் மிச்சம் இருக்கிறது, நானும் மனைவியும் என்ன செய்யலாம் என்று கேட்டிருக்கிறீர்கள். அந்தப் பகலைத் தேஜோ ஆற்றுக்குக் கொடுத்துவிடுங்கள். இன்னொரு அருங்காட்சியகம் வேண்டாம், 28ஆம் எண் டிராமுக்காகக் கால்கடுக்க நிற்கவும் வேண்டாம். நானும் என் கணவரும் எங்கள் கடைசி நாளை அப்படித்தான் கழித்தோம். லிஸ்பன் ஆற்றைப் பார்த்துக் கட்டப்பட்ட ஊர். சந்துகளுக்குள்ளேயே சுற்றிக்கொண்டிருந்தால் அதன் முகம் நமக்குத் தெரிவதில்லை. தண்ணீருக்குப் போய்த்தான் அதைத் திரும்பிப் பார்க்க வேண்டும்.

காலையில் ஊரின் மேற்கே ஆற்றோரம் இருக்கும் பெலேம் பகுதியில் தொடங்குங்கள். காய்ஸ் டூ சோட்ரே நிலையத்தில் ரயில் ஏறினால் பத்து நிமிடத்துக்குள் இறங்கிவிடலாம். திங்கட்கிழமையானால் ஜெரோனிமோஸ் மடாலயம் மூடியிருக்கும். ஆப்பிரிக்காவிலிருந்தும் கிழக்கிலிருந்தும் வந்த சரக்குகள்மீது விதித்த ஐந்து விழுக்காட்டு வரியைக் கொண்டு எழுப்பிய கட்டடம் அது. தேவாலயத்தின் உள்ளே வாஸ்கோ ட காமாவின் கல்லறை. கைகூப்பிப் படுத்திருக்கும் கல் உருவம். 1524இல் கொச்சியில் இறந்து, அங்கேயே புதைக்கப்பட்டு, பின்னர் எலும்புகளாக நாடு திரும்பியவர்.

நான் தூத்துக்குடியில் பிறந்தவள். போர்ச்சுகீசியர் வந்துபோன கரை எங்களுடையது. அந்தக் கூப்பிய கைகளைப் பார்த்ததும் எனக்கு முதலில் கோபம்தான் வந்தது. 1502இல் இரண்டாம் முறை இந்தியாவுக்கு வந்தபோது, மக்காவிலிருந்து திரும்பிக்கொண்டிருந்த யாத்திரிகர் கப்பலை ஆட்களோடு எரித்தவர் இந்த மனிதர். ஆனால் இதே லிஸ்பனில்தான் 1554இல் தமிழ் முதன்முதலாக அச்சேறியது. ரோமன் எழுத்துகளில், ஒரு சிறிய ஜெப நூலாக. இரண்டையும் ஒன்றாக மனத்தில் வைத்துக்கொண்டு அங்கே நிற்பது எனக்கு எளிதாக இல்லை. வெளியே வந்து ஆற்றங்கரையில் உட்கார்ந்து இதையெல்லாம் என் கணவரிடம் சொன்னேன். அவர் குறுக்கிடாமல் கேட்டார், பிறகு நிறையக் கேள்விகள் கேட்டார். அந்தப் பயணத்தில் நாங்கள் மனம்விட்டுப் பேசிய நேரங்களில் அதுவே மிக நல்லது. அதனால்தான் பெலேமைக் கடைசி நாளுக்கு வைத்துக்கொள்ளச் சொல்கிறேன்.

கடலோடிகளின் நினைவுச்சின்னத்தை வெளியே நின்று பார்த்தால் போதும். சர்வாதிகாரி சலாசாரின் ஆட்சியில், 1960இல் எழுப்பியது. பெலேம் கோபுரத்தையும் அப்படியே பார்த்துவிட்டு நகரலாம். ஆனால் 1837 முதல் பெலேம் பாஸ்டல் என்ற சின்ன இனிப்புப் பண்டத்தைச் செய்துவரும் அந்தப் பழைய கடையை மட்டும் தாண்டிப் போய்விடாதீர்கள். வாசல் கூட்டத்தைக் கண்டு மலைக்காமல் உள்ளே போங்கள், நீல ஓடு பதித்த அறை அறையாக இடம் விரிந்துகொண்டே போகும். பாஸ்டலைச் சூடாக, மேலே பட்டைப் பொடி தூவிச் சாப்பிட வேண்டும். ஓரம் நொறுங்கி மடியெல்லாம் உதிரும். நடுவில் முட்டையும் பாலும் சேர்ந்த கூழ், மேற்புறம் ஆங்காங்கே கருகியிருக்கும். அந்தக் கருகலில்தான் ருசி.

அதே ரயிலில் காய்ஸ் டூ சோட்ரேக்குத் திரும்பினால் பக்கத்திலேயே படகுத்துறை. அங்கிருந்து எதிர்க்கரையில் உள்ள கசில்யாஷுக்குப் படகில் பத்து நிமிடம்தான். சுற்றுலாப் படகு அல்ல, வேலைக்குப் போகிறவர்கள் ஏறும் படகு. மெட்ரோவுக்கு வாங்கிய அட்டையில் பணம் போட்டுக்கொண்டால் இதற்கும் செல்லும். ஏறியதும் ஊரைப் பார்த்த பக்கத்து ஜன்னலைப் பிடித்துக்கொள்ளுங்கள். இவ்வளவு நாளும் துண்டு துண்டாகப் பார்த்ததெல்லாம் அங்கே ஒன்றுசேரும். வலப்பக்கக் குன்றில் கோட்டை, இடப்பக்கம் இன்னொரு மேடு, நடுவே சமதளமாகப் பைஷா என்ற நகர மையம். மேற்கே, 1966இல் சலாசாரின் பெயரோடு திறந்து, அந்த ஆட்சியைக் கவிழ்த்த 1974 புரட்சிக்குப் பிறகு, அது நடந்த நாளான ஏப்ரல் 25 என்று பெயர் மாறிய சிவப்புப் பாலம்.

மதியச் சாப்பாடு கசில்யாஷில். ஜூன் மாதத்தையொட்டிப் போகிறீர்கள் என்றால் சாளை மீன் கேளுங்கள். மசாலா எதுவும் கிடையாது. முழு மீனைக் கல்லுப்பு தூவிக் கரியில் சுட்டுத் தருவார்கள், கொழுப்பு உருகித் தோல் வெடித்திருக்கும். எங்கள் ஊர்க் குழம்புச் சாளையைத் தவிர வேறு எதையும் ஒப்புக்கொள்ளாத நான் அந்தத் தட்டை முள் மட்டும் மிஞ்சும்படி முடித்தேன். சைவம் என்றால் கால்டோ வெர்டே என்ற கீரை, உருளைக்கிழங்கு சூப் இருக்கிறது. அதில் இறைச்சித் துண்டு போடுவது வழக்கம், வேண்டாம் என்று முன்பே சொல்லிவிடுங்கள். கேட்காமலேயே மேஜைக்கு வரும் ரொட்டிக்கும் ஆலிவுக்கும் காசு உண்டு. தேவையில்லை என்றால் திருப்பிக் கொடுத்துவிடலாம், யாரும் தவறாக நினைப்பதில்லை.

படகுத்துறைக்கு அருகிலேயே நிற்கிறது ‘டோம் ஃபெர்னாண்டோ’ என்ற பாய்மரப் போர்க்கப்பல். இதைப் பார்க்காமல் திரும்பாதீர்கள். 50 பீரங்கிகளுக்கான இந்தக் கப்பலை 1843இல் நம் டாமனில் கட்டினார்கள், இந்தியத் தேக்கில். 1963இல் தீப்பிடித்து எரிந்து, பல ஆண்டுகள் ஆற்றுச் சேற்றில் கிடந்தது. பிறகு தூக்கிச் சீர்செய்து 1998இல் மக்கள் பார்வைக்குத் திறந்தார்கள். என் மாமனார் மரக்கடை வைத்திருந்தவர். என் கணவர் பீரங்கித் தளத்தில் தலையைக் குனிந்தபடி நடந்து, ஒவ்வொரு பலகையாக உள்ளங்கையால் தடவி, எது பழைய தேக்கு, எது புதிதாகச் சேர்த்தது என்று தேடிக்கொண்டிருந்தார். ரேகை ஓடும் திசையை எனக்கும் விரலால் தொட்டுக் காட்டினார். கல்லறையில் இருந்த மனிதரை ஊரே கொண்டாடுகிறது, இந்தக் கப்பலை இழைத்த டாமன் தச்சர்களின் பெயரை அங்கே யார் சொல்கிறார்கள்? எனக்கு அந்த ஊரில் மிகவும் பிடித்த இடம் இந்தக் கப்பல்தான்.

அங்கிருந்து ஆற்றோரமாக மேற்கே நடக்கும் கின்ஷால் பாதையைப் பற்றி நிறையப் பேர் எழுதுகிறார்கள். பழைய கிடங்குகள் இடியும் நிலையில் இருக்கின்றன, பாதையை அடைப்பதும் உண்டு. விசாரித்துவிட்டு நடங்கள்.

வெயில் தாழ்ந்ததும் படகில் இக்கரைக்கு வந்து, ஆற்றோரமாகவே கொமேர்சியோ சதுக்கத்துக்கு நடந்து போங்கள். மூன்று பக்கம் மஞ்சள் நிற வளைவுக் கட்டடங்கள், நான்காவது பக்கம் ஆறு. 1755 நவம்பர் 1 காலைவரை அங்கே அரண்மனை இருந்தது. நிலநடுக்கத்தில் வீடுகள் சரிய, திறந்தவெளிதான் பத்திரம் என்று மக்கள் ஆற்றங்கரைக்கு ஓடிவந்தார்கள். ஆறு முதலில் உள்வாங்கியது, பிறகு அலையாகத் திரும்பி வந்தது. மிஞ்சியதைத் தீ தின்றது. 2004 டிசம்பரைக் கண்ட நமக்கு இதை விளக்க வேண்டியதில்லை. அப்படி அடித்த தண்ணீருக்கு முதுகைக் காட்டாமல், முன்னைவிட அகலமாக வாசலைத் திறந்துவைத்து அந்த ஊர் மீண்டும் கட்டியது. அன்றைய அமைச்சர் பொம்பால் பிரபுவின் திட்டம் அது. இரண்டு தூண்களுக்கு நடுவே கற்படிகள் தண்ணீருக்குள் இறங்கும். அந்தப் படியில் உங்கள் மனைவியோடு உட்கார்ந்து அந்த ஊரை மெச்சிக்கொள்ளுங்கள்.

விமான நிலையம் ஊருக்குள்ளேயே இருக்கிறது, மெட்ரோவின் சிவப்புத் தடம் அதுவரை போகிறது. இரவு விமானம் என்றால் பெட்டிகளை விடுதியில் வைத்துவிட்டு, சூரியன் மறையும்வரை ஆற்றோரம் இருந்துவிட்டே கிளம்பலாம். காலை விமானமாக இருந்தால் இதையெல்லாம் முந்தின நாளே முடித்துக்கொள்ளுங்கள்.